கோட்டுக்குப் பின்னால் மூன்று மீட்டர்: ஒரு ஸ்டொப்பர் இடமிழந்த நிகழ்வு ஆய்வு

2024 ஆடி மாதம், மட்டக்களப்பு வெபர் மைதானம். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. எதிரணியின் நடுக்களப் பையன் தலை நிமிர்ந்து பார்த்தான். எங்கள் பின்வரிசைக்கு மேலால் நீளமாக ஒரு பந்தைத் தூக்கிப் போட்டான். எங்கள் பின்கள வீரர்களில் மூன்று பேர் ஓடவே இல்லை. ஒரே நேரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு கோட்டு மத்தியஸ்தரைப் பார்த்தார்கள். கொடி எழும்பவில்லை. அவர்களுடைய ஃபோர்வேட் தனியே போனான், முன்னால் வந்த கோல் காப்பாளரைச் சுற்றினான், வெறும் கோலுக்குள் பந்தைத் தட்டிவிட்டுத் திரும்பினான்.

கை தூக்காத நாலாவது ஆள், பின்வரிசையின் நடுவில் நிற்கும் எங்கள் ஸ்டொப்பர், மற்ற மூவருக்கும் மூன்று மீட்டர் பின்னால் நின்றார். அவர் அங்கே நின்றபடியால்தான் ஓஃப்சைட், அதாவது தாக்குகிறவன் பின்வரிசையைத் தாண்டி நின்ற பிழை, இல்லை. அதே இடத்தில் நின்றுதான் பத்தொன்பது வருடமாக எங்களுக்கு எதிராக விழவேண்டிய கோல்களை அவர் தடுத்தும் வந்தார்.

நான் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் உபசெயலாளர். ஒவ்வொரு மட்சுக்கும் கொப்பி எழுதுகிறவன், அணியைத் தெரிவு செய்யும் மூவரில் ஒருவன். ஆகவே இதில் நடந்த பிழைகளில் எனக்கும் பங்கு உண்டு. கழகம் கல்லடிப் பாலத்துக்கு அங்கால், கடல் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் போதும். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அணியில் எல்லோரும் அந்த ஸ்டொப்பரை அண்ணன் என்றே கூப்பிட்டார்கள், ஒருவனைத் தவிர. அந்த ஒருவன் அவருடைய அக்காவின் மகன், அவரை மாமா என்பான். அண்ணனுடைய இடம் அவனுக்குத்தான் போனது.

அவர் வந்த விதம்

2004 மார்கழி 26க்கு முன்னர் எங்கள் கழகத்துக்கு இரண்டு அணி இருந்தது. அதற்குப் பிறகு ஒரு அணிக்கே ஆள் போதவில்லை. கல்லடி, திருச்செந்தூர், நாவலடி என்று அந்தக் கரையில் அலை எதை விட்டுவைத்தது என்று இங்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அடுத்த வருடம் மிஞ்சியவர்கள் சேர்ந்து மறுபடி பந்தை உதைக்கத் தொடங்கியபோது அண்ணனுக்குப் பதினெட்டு வயது. ஸ்டொப்பராக நிற்க ஆள் இல்லை. உயரமான பையன் யார் என்று பார்த்தார்கள், இவரை நிறுத்தினார்கள். அன்றைக்கு நின்றவர்தான்.

யாரையும் வெளியே தள்ளிவிட்டு அவர் உள்ளே வரவில்லை. மூத்தவர் ஒருவர் இடம் இழப்பதையும், அதற்குப் பிறகு அவர் எப்படி மைதானத்துக்கு வருகிறார், எங்கே உட்காருகிறார் என்பதையும் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை. எங்களுக்கும்தான். ஒரு ஆளை மரியாதையாக எப்படி இறக்குவது என்பது எங்கள் கழகத்தில் யாருக்கும் பழக்கமில்லாத வேலை.

தொழில் மேசன். காலமை ஏழு மணிக்குச் சாரத்தில் ஏறினால் பின்னேரம் நாலரைக்கு இறங்குவார். கை கால் கழுவிவிட்டு நேரே மைதானம். சம்பளம் வாங்கி விளையாடும் வீரனுக்கும் எங்கள் ஊர் வீரனுக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. அவன் பிரக்டிஸ் முடிந்து ஓய்வெடுக்கிறான், இவர் வேலை முடிந்து பிரக்டிசுக்கு வருகிறார்.

எங்கள் ஊர் மைதானத்தின் தரையும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். அது மணல். மணலில் எவனும் முழு வேகத்தில் ஓட முடியாது. முதல் ஐந்து அடியில் கிடைக்க வேண்டிய உந்தல் மணலுக்குள் போய்விடும். வேகக்காரனுக்கும் மெதுவானவருக்கும் நடுவிலுள்ள தூரத்தை மணல் சுருக்கிவிடுகிறது. அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளை விளையாட்டில் வளர்த்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கிய டவுண் மைதானத்தில் அது நடக்காது. அங்கே புல். பந்து வழுக்கிக்கொண்டு போகும், வேகமான கால் தன் வேகத்தை முழுதாகக் காட்டும். கொப்பியைப் புரட்டினால் ஒரு விசயம் தெளிவாகத் தெரிகிறது. அண்ணன் தடுமாறிய மட்ச் எல்லாம் வெளி மைதானத்தில் நடந்தவை. ஊர் மணலில் கடைசி வரைக்கும் அவரை அசைக்க முடியவில்லை. ஊர்ச்சனம் அவரைப் பார்த்தது பெரும்பாலும் மணலில்தான். பின்னால் வந்த சண்டைக்கு இதுவும் ஒரு காரணம்.

அவர் வைத்திருந்த வித்தை

அண்ணன் இருபது வயதிலும் வேகக்காரர் அல்ல. ஆனால் பந்து உதைபடுவதற்கு முன்னமே நகரத் தொடங்கிவிடுவார். நான் கோட்டுக்கு வெளியே நின்று பல தடவை கவனித்திருக்கிறேன். எதிரணிப் பையன் கடைசி அடியை நீட்டி வைத்து, தலையைக் குனிந்தால் நீளப் பந்து வரப்போகிறது. அந்தக் கணத்திலேயே அண்ணன் உடம்பை அரைவாசி திருப்பி, பக்கவாட்டில் மூன்று நாலு அடி பின்னுக்குப் போயிருப்பார். பந்து விழும் இடத்தில் ஏற்கெனவே நிற்பார். பார்க்கிறவனுக்குப் பந்து அவரைத் தேடி வந்தது போல இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும். ஃபோர்வேட் செக்கனுக்கு 8 மீட்டர் ஓடுகிறான், ஸ்டொப்பர் 7 மீட்டர் ஓடுகிறார் என்று வைப்போம். இருவரும் ஒரே கோட்டில் இருந்து 20 மீட்டர் தள்ளி விழும் பந்துக்கு ஓடினால் ஃபோர்வேட் இரண்டரை செக்கனில் போய்ச் சேருவான். அந்த நேரத்தில் ஸ்டொப்பர் பதினேழரை மீட்டர்தான் ஓடியிருப்பார். இரண்டரை மீட்டர் பிந்திவிட்டார், கோல். அதே ஸ்டொப்பர் முதலிலேயே மூன்று மீட்டர் பின்னுக்கு நின்றால் அரை மீட்டர் முந்திவிடுகிறார், பந்து வெளியே. முப்பதைத் தாண்டிய பிறகு கால் இன்னும் மெதுவானது. முழு ஓட்டத்தின் வேகம் இருபதுகளின் கடைசியிலிருந்து குறையத் தொடங்குவது வழமை, அதில் அவர் மட்டும் விலக்காக முடியாது. அவர் செய்ததெல்லாம் ஒரு அடி, பிறகு இன்னொரு அடி என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நின்றதுதான். வெளியே நின்ற எங்களுக்கு எதுவும் மாறாதது போலவே தெரிந்தது.

இன்னும் இரண்டு பேரின் கால்களும் அவருக்காக ஓடிக்கொண்டிருந்தன. இடது பக்கம் நின்றவன் நல்ல வேகம். அண்ணன் கையைக் காட்டினால் போதும், உள்ளே ஓடி வந்து மூடிவிடுவான். முன்னால் நடுக்களத்தில் நின்றவனுக்குப் பெரிய ஆட்டம் கிடையாது, ஆனால் எதிரணிக்காரன் தலை நிமிர்ந்து பார்க்க நேரம் கொடுக்கமாட்டான். தலை நிமிர முடியாதவனால் நல்ல நீளப் பந்து போட முடியாது. பாதிப் பந்து அண்ணனிடம் வராமலே போனது அவனால்தான். இதை நாங்கள் அப்போது யாரும் எழுதி வைக்கவில்லை. அவன் பெயரை மட்சுக்குப் பிறகு யாரும் சொன்னதாகக் கூட எனக்கு ஞாபகம் இல்லை.

2023இல் இடது பக்கத்தான் கட்டாருக்குப் போனான். நடுக்களத்தான் கல்யாணம் கட்டி வாழைச்சேனைக்குப் போனான். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. கழகங்கள் ஆட்களை இழப்பதும் சேர்ப்பதும் இந்த வழியில் நிறைய நடக்கிறது. அவன் இப்போது அங்குள்ள ஒரு கழகத்தில் நிற்கிறான், எங்களுக்கு எதிராக ஒரு தடவை நன்றாகவே விளையாடினான்.

அடுத்த வருடம் எல்லோரும் சொன்னது, அண்ணனுக்கு ஒரே வருடத்தில் வயது போய்விட்டது என்று. ஒரு வருடத்தில் யாருக்கும் அப்படி வயது போகாது. போனது பக்கத்தில் நின்ற இரண்டு பேர்.

கோடு ஏறியது

2024 தொடக்கத்தில் புதிய பயிற்றுநர் வந்தார். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் சி தரச் சான்றிதழ் வைத்திருப்பவர், முப்பத்திரண்டு வயது, அண்ணனை விட ஐந்து வயது இளையவர். நல்ல மனிதர். அவர் சொன்னது எளிமையானது. எங்கள் பையன்களுக்குக் கால் இருக்கிறது, ஆகவே பின்வரிசை மேலே ஏறி நிற்க வேண்டும். எதிரணியை நடுக்கோட்டுப் பக்கம் நெருக்கிப் பிடித்தால் பந்து பறிக்க வேண்டிய தூரம் குறையும்.

இது அண்ணனுடைய வித்தைக்கு நேர் எதிரானது. ஓஃப்சைட் விதிப்படி தாக்குகிறவன் எதிரணியின் கடைசிக்கு முந்திய ஆளையும் பந்தையும் விடக் கோலுக்குக் கிட்ட நின்றால்தான் பிழை. வழமையாகக் கடைசி ஆள் காப்பாளர். ஆகவே பின்கள வீரர் நாலு பேரில் யார் மிகவும் பின்னுக்கு நிற்கிறாரோ அவர்தான் கோட்டைத் தீர்மானிக்கிறார். மூன்று பேர் ஏறி நின்றும் பயனில்லை, நாலாவது ஆள் மூன்று மீட்டர் பின்னுக்கு நின்றால் எதிரணிக்கு அந்த மூன்று மீட்டரும் இனாம். பழைய முறையில் அவர் பின்னுக்கு நின்றது அணிக்குக் காப்பு, புதிய முறையில் அதுவே ஓட்டை.

பயிற்றுநரும் அவரும் இதைப் பற்றிக் கதைக்காமல் இல்லை. ஒரு பிரக்டிசில் நான் பக்கத்தில் நின்றேன்.

“அண்ணன், நீங்களும் ஏறி நில்லுங்க. அவங்க மூண்டு பேரும் ஏறிட்டாங்க.”

“ஏறலாம் மனே. அவன் பின்னுக்குப் போட்டுட்டான் எண்டா ஆர் ஓடுற?”

இதற்குப் பயிற்றுநரிடம் பதில் இருந்தது, காப்பாளர் முன்னுக்கு வந்து எடுப்பார் என்று. ஆனால் எங்கள் காப்பாளரும் அண்ணனுடைய காலத்தவர், கோல் கோட்டை விட்டு லேசில் வராதவர். அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அதை நாங்கள் அடம் என்று எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்று 2019இல் வந்த விதி மாற்றம். அதற்கு முன்னர் கோல் உதை பெனால்டிப் பகுதியை விட்டு வெளியே போனால்தான் பந்து ஆட்டத்தில் சேரும். இப்போது உதைத்து நகர்ந்தவுடனே ஆட்டத்தில் சேருகிறது, ஸ்டொப்பர் பகுதிக்குள்ளேயே நின்று பந்தை வாங்கலாம். கேட்கச் சின்ன மாற்றம். ஆனால் ஸ்டொப்பரின் வேலையே இதனால் மாறிவிட்டது. முன்பு அவரிடம் கேட்டதெல்லாம் தலையால் அடி, காலால் அடி, வெளியே அடி. இப்போது முதல் பாஸ் அவரிடமிருந்து தொடங்குகிறது, முதுகுக்குப் பின்னால் ஒருவன் நெருக்கும்போது இரண்டு காலாலும் பந்தைத் திருப்பத் தெரிய வேண்டும். அண்ணனுக்கு இடது கால் ஊன்ற மட்டும்தான். மருமகன் பள்ளிக்கூட அணியிலேயே இதைப் பழகி வந்தவன், பத்தொன்பது வயது, இரண்டு காலும் ஓடும்.

மருமகனிடமும் குறை இருந்தது. பந்தைப் பார்த்துக்கொண்டே ஆளை விட்டுவிடுவான். கோர்ணரில் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்பான். ஒரு மட்சில் பெனால்டி கொடுத்தான், அடுத்ததில் சிவப்பு அட்டை. ஆனால் அவனுடைய பிழையை இளமை என்றோம், அண்ணனுடைய பிழையை வயது என்றோம். சித்திரை முதல் ஆடி வரை வாங்கிய கோல்களைப் பின்னால் ஒருநாள் கொப்பியில் பிரித்துப் பார்த்தேன். அண்ணன் நேருக்கு நேர் ஓட்டத்தில் தோற்று வந்தவை இரண்டே இரண்டு. அதை விடக் கூட, கோடு உடைந்து வந்தவை. கோடு உடைந்த கோலில் பாதிக் குற்றம் பின்னால் நின்றவருக்கு என்றால், மீதி ஓடாமல் கை தூக்கிக்கொண்டு நின்ற மூன்று பேருக்கு. அந்த மீதியை நாங்கள் யாரும் எண்ணவில்லை.

செய்து பார்த்தவை

ஒன்றும் செய்யாமல் அவரை இறக்கினோம் என்று சொல்லமாட்டேன். இரண்டு மட்சில் நடுக்களத்தில், பின்வரிசைக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தோம். ஓட வேண்டிய தூரம் குறைவு, அனுபவம் கைகொடுக்கும் என்று நினைத்தோம். படுதோல்வி. ஸ்டொப்பருக்கு விளையாட்டு முழுவதும் முகத்துக்கு முன்னால் நடக்கிறது, அவர் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். நடுக்களத்தில் நாலு பக்கமும் ஆள். பந்து வரும்போது முதுகுக்குப் பின்னால் யார் என்று தெரிய வேண்டும். முன்னால் நடப்பதைப் பார்த்துப் பழகிய கண் பின்னால் திரும்பாது. முதல் மட்சின் இடைவேளையில் அவரே சொன்னார், கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்று. சொல்லியும் அடுத்த மட்சில் மறுபடி அங்கேதான் நிறுத்தினோம்.

உடம்பு விசயத்தில் இன்னும் மோசம். பயிற்றுநர் ஃபிஃபாவின் ‘11+’ உடற்சூட்டுப் பயிற்சியைக் கொண்டுவந்தார். இருபது நிமிடம், பந்து கூடத் தேவையில்லை, ஒழுங்காகச் செய்தால் காயங்கள் கணிசமாகக் குறைகின்றன என்பது ஆய்வுகளில் நிரூபணமானது. அதில் ஒன்று, முழங்காலில் நின்று, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை நிமிர்த்தியபடி மெதுவாக முன்னால் சாய்வது. பின்தொடைத் தசைக்கு அதைப் போல ஒன்றில்லை. வயது கூடியவருக்கும், ஏற்கெனவே அந்தத் தசை ஒரு தடவை கிழிந்தவருக்கும் ஆபத்து அதிகம். அண்ணன் இரண்டிலும் சேருவார். ஆனால் நாலரைக்கு வேலை விட்டு வருகிறவர் மைதானத்துக்கு வரும்போது அந்த இருபது நிமிடம் முடிந்திருக்கும். ஐந்து மணிக்குத் தொடங்குவோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வைகாசியில் அவருக்குத் தொடை பிடித்தது. மூன்று கிழமை விளையாடாமல் இருந்தார், அரைகுறையாகத் திரும்பி வந்தார். அந்த மூன்று கிழமையில்தான் மருமகன் முதன்முதலாக அவருடைய இடத்தில் நின்றான்.

மட்சுக்கும் மட்சுக்கும் நடுவே விடும் நாளும் அப்படித்தான். இருபது வயதுக்காரன் சனி விளையாடி ஞாயிறும் விளையாடுவான். முப்பத்தேழு வயதில், அதுவும் கிழமை நாளெல்லாம் சீமெந்துக் கல் தூக்கும் உடம்புக்கு, மூன்று நாளாவது வேண்டும். எங்கள் பக்கத்துச் சுற்றுப்போட்டிகள் சனி ஞாயிறு அடுத்தடுத்து வைப்பவை. சனிக்கிழமை அண்ணன் ஒரு ஆள், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஆள். சனிக்கு அவர், ஞாயிறுக்கு மருமகன் என்று வைத்திருந்தால் ஒரு வருடம் தாராளமாக ஓட்டியிருக்கலாம். இது இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்போது எங்கள் மூவரின் தலையிலும் இருந்தது ஒரே கேள்விதான், அவரா இவனா.

பட்டியல் வாசித்த பின்னேரம்

ஆடி மாதக் கோலுக்குப் பிறகு கூட்டத்தில் முடிவெடுத்தோம். அடுத்த மட்ச் மருமகன், அண்ணன் மாற்று வீரர். பயிற்றுநர் கேட்டார், யார் சொல்வது என்று. தலைவர் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை. சனி மட்ச்.

புதன் அவர் வீட்டுப் பக்கம் போனேன். மனைவி தேத்தண்ணி தந்தார். அண்ணன் கூரை ஒழுக்கைப் பற்றிக் கதைத்தார், கச்சான் காற்று இந்த முறை கூட என்றார், மாமாங்கத் தீர்த்தத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனதைச் சொன்னார். ஒரு மணித்தியாலம் இருந்தேன். சொல்லாமல் எழும்பி வந்தேன். வியாழன் நாளைக்குச் சொல்வோம் என்றிருந்தேன், வெள்ளி பயிற்றுநர் சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் மைதானத்தில் பட்டியல் வாசித்தார்கள். அண்ணன் ஏற்கெனவே கணுக்காலுக்குத் துணி சுற்றி, பூட்ஸ் கட்டி முடித்திருந்தார். பதினொரு பெயரிலும் தன் பெயர் வராதபோது, வாசித்தவர் ஒரு பெயரை விட்டுவிட்டார் என்று நினைத்து, ஐந்தாம் இலக்கம் யார் என்று கேட்டார். மருமகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பெடியன்கள் எல்லோரும் அவரவர் லேஸைப் பார்த்தார்கள்.

“சரி மனே,” என்றார். அவ்வளவுதான். துணியை அவிழ்த்து மடித்து பைக்குள் வைத்தார். மட்ச் முழுவதும் இருந்து பார்த்தார், கோர்ணர் வந்தபோது யாரைப் பிடிப்பது என்று மருமகனுக்குக் கத்திக் கத்திச் சொன்னார். நாங்கள் வென்றோம். அதற்குப் பிறகு என்னிடம் வந்தார்.

“புதன்கிழம வந்தாய்தானே. அண்டைக்கே சொல்லியிருந்தா நான் இண்டைக்கு வேலைக்குப் போயிருப்பன்.”

இடம் போனதற்கு அவர் என்னிடம் கோபப்படவில்லை. ஒரு நாள் கூலி போனதற்குக் கோபப்பட்டார். மட்ச் நாளில் வேலைக்குப் போவதில்லை என்பது பத்தொன்பது வருடப் பழக்கம், அந்தக் கூலியை அவர் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. எனக்கு இதுவரை யாரும் சொன்ன வார்த்தைகளில் அதைப் போல உறைத்தது வேறில்லை.

தேத்தண்ணிக் கடையில்

ஊர் இரண்டாகப் பிரிந்தது. பழைய ஆளை ஒதுக்கிவிட்டார்கள் என்று ஒரு பக்கம், இது எப்பவோ செய்திருக்க வேண்டியது என்று மறுபக்கம். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் சில கிழமை பேச்சு வார்த்தை இல்லை என்று கேள்வி. எங்கள் சமூகத்தில் தாய்மாமன் என்றால் கோயில் சடங்கிலிருந்து கல்யாணப் பேச்சு வரைக்கும் முன்னால் நிற்கும் ஆள். அந்த மாமனின் இடத்தில் மருமகன் நிற்பது ஊர்க் கண்ணுக்கு ஒரு மாதிரித்தான் தெரிந்தது. மருமகன் இரண்டு நாள் பிரக்டிசுக்கு வரவில்லை. அண்ணன்தான் சைக்கிளில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்தார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

கடையில் அடிக்கடி இழுபட்ட பெயர் மால்டினி. “மால்டினி நாப்பது வயசு மட்டும் விளையாடல்லயா?” விளையாடினார்தான். 1968இல் பிறந்தவர் 2009 வரை ஏசி மிலானில் நின்றார். 2007 மே 23 அன்று ஏதென்சில் லிவர்பூலை 2-1 என்று வென்று சாம்பியன்ஸ் லீக் கிண்ணத்தைத் தூக்கியபோது அவருக்கு 38 வயது, 39க்கு இன்னும் ஒரு மாதம். ஆனால் அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் நின்றவர் நெஸ்டா. முன்னால் ஓடியவர்கள் கட்டூசோவும் அம்புரோசினியும். எதிரணிக்காரன் தலை நிமிர்ந்து ஒரு பந்து போட வேண்டுமானால் முதலில் அந்த இரண்டு பேரையும் தாண்ட வேண்டும். எங்கள் அண்ணனுக்கும் ஒரு காலத்தில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவன் கட்டாரில், ஒருவன் வாழைச்சேனையில். கடையில் இதைச் சொன்னேன். “அப்ப கட்டாருக்கு ஃபோன் எடுத்து அவனைக் கூப்பிடு,” என்றார்கள்.

அவர்களுடைய இன்னொரு வாதத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இப்போது ஒரு மட்சில் ஐந்து பேர் வரை மாற்றலாம் என்று 2022இல் நிரந்தரமாகிவிட்டது, உள்ளூர்ப் போட்டிகளில் அதற்கு மேலும் அனுமதிக்கிறார்கள். அப்படியிருக்க, ஒரு கோல் முன்னால் நிற்கும் மட்சின் கடைசி இருபது நிமிடத்துக்கு ஏன் அவரை உள்ளே அனுப்பவில்லை? அப்போது கோடு தானாகவே பின்னுக்கு வந்துவிடும். எதிரணி பந்தைப் பகுதிக்குள் தூக்கித் தூக்கிப் போடும், தலையால் அடிக்க அவரை விட்டால் ஆள் இல்லை. ஆவணியிலும் புரட்டாதியிலும் நாங்கள் அதைச் செய்யவில்லை. காரணம் ஆட்டம் சம்பந்தமானது அல்ல. பத்தொன்பது வருடம் நின்றவரை இருபது நிமிடத்துக்குக் கூப்பிட எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்குக் கூச்சமா என்று கேட்கவில்லை.

மழை

கார்த்திகை முதல் கிழமை. வாடைக்காற்றோடு மழை பிடித்துவிட்டது. மைதானத்தின் ஒரு பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர். பந்து உருளாது, சொத்தென்று விழுந்து அங்கேயே நிற்கும். நீளப் பந்து போட்டால் குட்டைக்குள் நின்றுவிடும், பின்னால் ஓடுகிறவனின் வேகத்துக்கு வேலை இல்லை. பயிற்றுநர் மேலே ஏறும் கோட்டைத் தானாகவே கைவிட்டார், அப்படியான தரையில் அது நடக்காது. முதல் பாதியில் மருமகன் இரண்டு தடவை வழுக்கினான். இடைவேளையில் பயிற்றுநர் நேரே அண்ணனிடம் போய்க் கேட்டார், நிற்க ஏலுமா என்று.

“நிக்கத்தானே வந்த.”

மருமகனை எடுக்கவில்லை. மூன்று ஸ்டொப்பர் வைத்தார், நடுவில் அண்ணன், வலது பக்கம் மருமகன். நாற்பத்தைந்து நிமிடமும் அண்ணன் ஓடியது மிகக் குறைவு. கத்தியதுதான் கூட. அவர் பின்னுக்கு நிற்க, மருமகன் முன்னால் போய் முட்டினான். அவன் தவறவிட்டதை இவர் எடுத்தார். கோல் விழவில்லை. கட்டாருக்குப் போனவனும் வாழைச்சேனைக்குப் போனவனும் செய்த வேலையை அந்த ஒரு பாதியில் மருமகன் தனியாகச் செய்துகொண்டிருந்தான் என்று கொப்பியில் எழுதினேன். வருடம் முழுக்க அவனை அண்ணனுக்குப் பதிலாக என்றே யோசித்தோம், பக்கத்தில் என்று யாரும் யோசிக்கவில்லை. இன்னும் இரண்டு மட்ச் அப்படிப் பார்க்கலாம் என்று கதைத்தோம். மாதக் கடைசியில் வெள்ளம் வந்தது. மைதானம் மட்டுமல்ல, பாதி மாவட்டமே தண்ணிக்குள். அந்த வருடத்து விளையாட்டு அதோடு முடிந்தது. தை மாதம் தொடங்கியபோது அண்ணன் பெயரைப் பதியவில்லை. நாங்கள் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை பிடித்திருக்கிறேன் என்றார்.

பயிற்றுநர் அவரைச் சின்னப் பெடியன்களுக்குப் பின்வரிசை பழக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு கிழமை வந்தார், பிறகு விட்டுவிட்டார். பழைய வீரர் என்றால் பழக்கத் தெரியும் என்பது எங்கள் நினைப்பு. அவர் தனக்குத் தெரிந்ததை வார்த்தையில் சொன்னதே இல்லை, சொல்ல யாரும் கேட்டதும் இல்லை. கூட்டத்தில் அதற்கு ஒரு சின்னக் கொடுப்பனவு போடலாம் என்று நான் சொன்னேன். நிதி இல்லை என்றார்கள். அது உண்மைதான், ஆனால் அதே கூட்டத்தில் புதிய ஜேர்சிக்கு ஒத்துக்கொண்டார்கள்.

2025 சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு அணிக்கு எழுவர் போட்டி ஒன்று நடந்தது. எங்கள் கழகத்தில் ஒரு அணி போட்டோம். அண்ணன் வந்தார். அந்தப் போட்டியின் விதியில் ஓஃப்சைட் கிடையாது. மூன்று மீட்டர் அல்ல, பத்து மீட்டர் பின்னுக்கு நின்றாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அவர் நின்றார், பந்தெல்லாம் அவரைத் தேடி வந்தது.

மருமகன் கோட்டோரம் குந்தியிருந்து பார்த்தான். இடைவேளையில் தண்ணிப் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கேட்டான்.

“மாமா, அவன் அடிக்க முதலே நீங்க என்னெண்டு பின்னுக்குப் போற?”

“பந்தப் பாக்காத. அவன்ட ஊண்டுற காலப் பாரு. நீட்டி வெச்சானெண்டா தூரத்துக்குத்தான் போடுவான்.”

“அப்பிடிப் போனா எனக்குக் கோடு உடைஞ்சிரும்.”

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். போத்தலைக் கீழே வைத்தார்.

“கோட்டுலயே நில்லு. ஆனா இடுப்ப நேர வெச்சிக்கொண்டு நிக்காத.” எழும்பி, அவனுடைய இரண்டு தோளையும் பிடித்து அரைவாசி திருப்பிவிட்டார். “இப்பிடி. இப்ப ஓடிப் பாரு, ரெண்டு அடி மிச்சம்.”

மருமகன் சரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, கோட்டுக்கு வெளியே மணலில் ஓடிப் பார்த்தான். மறுபடி வந்து நின்று, மறுபடி ஓடினான். இரண்டாம் பாதிக்கு விசில் ஊதியதும் அண்ணன் உள்ளே போனார்.